பொன்முடி மலைப்பாதையில் காரின் முன்சக்கரத்தில் இருந்து சத்தமா? காரணத்தைக் கண்டறிவது எப்படி?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரில் இருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பொன்முடி. கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். அடிவாரத்தில் உள்ள கல்லாறு வரை சாலை பெரும்பாலும் சாதாரணமாகவே செல்கிறது. அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். கன்னியாகுமரி, நெல்லை, தென்காசி மாவட்டங்களில் இருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடக் கூடிய மலை என்பதால், விடுமுறை நாட்களில் தமிழகப் பதிவெண் கொண்ட கார்கள் இங்கு ஏராளம். (இடுக்கி மாவட்டத்தில் உள்ள பொன்முடி அணை வேறு, வழிகாட்டிச் செயலியில் பெயரை மட்டும் தட்டிவிட்டுப் புறப்படுவோர் கவனிக்க வேண்டும்.)

சமவெளியில் பல மாதங்களாக அமைதியாக ஓடிய கார், மூன்றாவது வளைவிலோ நான்காவது வளைவிலோ முன்சக்கரப் பகுதியில் இருந்து ‘கிளிக் கிளிக்’ என்று ஒலி எழுப்பத் தொடங்குவதும், இறங்கும்போது ‘கிரீச்’ என்று கத்துவதும் மலைப்பாதைகளில் வழக்கமாக நிகழ்பவை. ஏறும்போது கேட்கும் சத்தத்தை ‘மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவோர் பலர். ஆனால் மேலே சென்ற கார் அதே 22 வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். அப்போது முன்சக்கரங்களின் மீது விழும் சுமை ஏறும்போது இருந்ததை விடக் கடுமையானது. எனவே எந்தச் சத்தத்துடன் மெதுவாக இறங்கலாம், எந்தச் சத்தம் கேட்டால் காரை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பதைப் பிரித்தறிவது அவசியமாகிறது.

மலைதான் காட்டிக்கொடுக்கிறது

இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. காரை இழுப்பது, திருப்புவது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது, என்ஜினின் எடையைத் தாங்குவது ஆகிய நான்கும் முன்சக்கரங்களின் பொறுப்பு. நேரான சாலையில் இந்த நான்கும் ஒரே நேரத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் எட்டுகின்றன. ஸ்டீயரிங் முழுவதுமாக ஒடிக்கப்பட்டிருக்கிறது, கார் முதல் அல்லது இரண்டாவது கியரில் இருக்கிறது, ஆக்சிலரேட்டர் அழுத்தப்படுகிறது, வளைவின் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் எடையைச் சுமக்கிறது. தேய்ந்த பாகம் எதுவாக இருந்தாலும் வாய்திறக்கும் தருணம் அது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலைப்பாதையில் வேகம் குறைவு, ஆகவே காற்றின் இரைச்சலும் குறைவு. ஒருபுறம் பாறைச் சுவர் இருப்பதால் சக்கரத்தின் ஒலி எதிரொலித்துத் திறந்திருக்கும் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. நெடுஞ்சாலையில் பாட்டுச் சத்தத்தில் மறைந்திருந்த ஒலி இங்கே தெளிவாகக் கேட்கிறது. ஆகவே மலையில் முதன்முதலாகக் கேட்ட சத்தம் மலையில்தான் உருவானது என்று கருதிவிடக் கூடாது.

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தப் பிரச்சினையின் முகமே வேறு. அவை பின்சக்கர இயக்கம் கொண்ட கார்கள். முன்சக்கரம் சுற்றவும் திரும்பவும் மட்டுமே செய்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரும் அதன் வழி வந்தவையும்தான் முன்சக்கர இயக்கத்தை இந்தியாவில் பரவலாக்கின. அதற்கு முன் இங்குள்ள மெக்கானிக்குகளில் பெரும்பாலோருக்குப் பழக்கமில்லாத ஒரு சத்தமும் அதனுடன் சேர்ந்தே வந்தது. வளைவில் கேட்கும் ‘கிளிக் கிளிக்’ அதுதான்.

வளைவில் மட்டும் கேட்கும் ‘கிளிக் கிளிக்’

என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டை ஆக்சில் அல்லது டிரைவ் ஷாஃப்ட் என்கிறார்கள். சக்கரம் பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் ஆடும்; ஆனால் சுழற்சி தடைபடக் கூடாது. இதைச் சாத்தியமாக்குவது ஆக்சிலின் வெளிமுனையில் உள்ள சி.வி. ஜாயின்ட். ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெஸ்பா 1920-களில் வடிவமைத்த இணைப்பின் வழிவந்ததுதான் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உள்வளையம், இரண்டுக்கும் இடையே வெட்டப்பட்ட பள்ளங்களில் உருளும் ஆறு எஃகுக் குண்டுகள். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடிக்கிறோமோ அவ்வளவு தூரம் குண்டுகள் பள்ளத்தில் முன்னும் பின்னும் நகர்கின்றன.

இந்த இணைப்பின் ஆயுள் முழுக்க ஒரு ரப்பர் உறையை நம்பியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்களில் இதை ‘பூட்’ என்பார்கள். உறைக்குள் கிரீஸ் இருக்கிறது. ரப்பர் வெடித்தாலோ கிளிப் கழன்றாலோ சுழற்சியின் விசையில் கிரீஸ் வெளியே தெறிக்கிறது. வெளியிலிருந்து மணலும் நீரும் உள்ளே புகுகின்றன. குண்டுகள் ஓடும் பள்ளத்தில் குழி விழுகிறது. அதன் பிறகு ஸ்டீயரிங்கை ஒடித்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒவ்வொரு குண்டும் குழியில் விழுந்து எழும்பும் ஒலிதான் ‘கிளிக் கிளிக்’.

இதைச் சோதிக்க மலை தேவையில்லை. ஆளில்லாத மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுவதுமாக ஒடித்து, முதல் கியரில் மெல்ல வட்டமடிக்க வேண்டும், பிறகு மறுபக்கம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒலி வலுத்து, காலை எடுத்தால் அடங்கினால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது. எந்தப் பக்க ஜாயின்ட் என்பதைக் காதால் தீர்மானிப்பதை விடக் கண்ணால் பார்ப்பது நல்லது. முன்சக்கரத்தை ஒடித்து நிறுத்திவிட்டு, சக்கரத்தின் உட்பக்கம் டார்ச் அடித்தால், கிழிந்த உறையும் ரிம்மின் உள்பகுதியிலும் சஸ்பென்ஷன் பாகங்களிலும் தெறித்த கரிய கிரீஸும் தெரியும்.

உறை கிழிந்து, சத்தம் இன்னும் தொடங்காத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால், இணைப்பைச் சுத்தம் செய்து புதிய கிரீஸும் உறையும் போட்டாலே போதுமானது. சத்தம் தொடங்கிய பிறகு உறையை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்குவதுதான். குழி விழுந்த எஃகு கிரீஸால் நிரம்பாது. லேசான ‘கிளிக்’ ஒலியுடன் மலையில் இருந்து மெதுவாக இறங்கிவிட முடியும். இறக்கத்தில் ஆக்சில் மீதான இழுவிசையும் ஏற்றத்தில் இருப்பதை விடக் குறைவு. ஆனால் ஒலி ‘கடகட’ என்று மாறி, நேராக ஓட்டும்போதும் ஸ்டீயரிங்கில் உதறல் தெரிந்தால் நிலைமை வேறு. ஜாயின்ட் உடைந்தால் என்ஜின் ஓடினாலும் கார் நகராது. என்ஜினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழியும் இறக்கத்தின் நடுவே பறிபோய்விடும்.

பிரேக் கத்தும்போது

முன்சக்கரச் சத்தங்களில் மிகப் பரவலானது பிரேக் சத்தம். அதில் பாதி எச்சரிக்கை, பாதி தொல்லை மட்டுமே.

பல பிரேக் பேடுகளில் சிறிய எஃகுத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். புதிய பேடில் உராய்வுப் பொருளின் தடிமன் பத்து மில்லிமீட்டருக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும். அது தேய்ந்து ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டரை நெருங்கும்போது தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. அப்போது எழும் மெல்லிய கீச்சொலி, பேடை மாற்றச் சொல்லும் அறிவிப்பு. அதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஓட்டினால் உராய்வுப் பொருள் முற்றிலும் தீர்ந்து, பேடின் இரும்புத் தட்டு நேரடியாக டிஸ்க்கை அறுக்கிறது. கீச்சொலி மறைந்து, கல்லில் இரும்பைத் தேய்ப்பது போன்ற கரகரப்பு வருகிறது. மிதியிலும் அதிர்வு தெரியும். இந்தக் கட்டத்தில் மலை இறங்கக் கூடாது.

ஏன் கூடாது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆட்களுடன் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 1 கோடியே 18 லட்சம் ஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள ஏறத்தாழ 37 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. கியரில் இறங்கினால் என்ஜின் கணிசமான பங்கை ஏற்றுக்கொள்கிறது. நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது, அதிலும் பெரும்பகுதி முன்பக்க டிஸ்க்குகளின் மீது. தலா சில கிலோ எடை மட்டுமே கொண்ட இரண்டு இரும்புத் தட்டுகள் அவை.

நியூட்ரலில் இறங்கினால் எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கை ஓட்டுநர்களிடம் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை அது. இன்றைய என்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் எரிபொருள் செலுத்துவதே நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் அணையாமல் இருப்பதற்காக எரிபொருள் செலவாகிறது. என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்தானது. பிரேக்குக்கு உதவும் வெற்றிட பூஸ்டர் சில மிதிகளுக்கு மட்டுமே தாங்கும். பவர் ஸ்டீயரிங்கின் உதவியும் போய்விடும்.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகும்போது சத்தத்துக்கு முன்பே நாற்றம் வரும். எரிந்த ரப்பரையும் கருகிய துணியையும் ஒத்த காரமான வாடை. அடுத்து மிதி வழக்கத்தை விட ஆழமாக, பஞ்சு போல இறங்கும். காலிப்பரில் உள்ள பிரேக் ஆயில் கொதிக்கத் தொடங்குவதன் அறிகுறி இது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ். டாட் 4 வகைக்கு 230 டிகிரி. ஆனால் பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய நிலைக்கென வரையறுக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவுகள் முறையே 140, 155 டிகிரி மட்டுமே. பல ஆண்டுகளாக ஆயிலே மாற்றப்படாத கார், பேடுகள் புதிதாக இருந்தாலும் மலையில் பிரேக் இழக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுமாறு பல நிறுவனங்கள் பரிந்துரைப்பதன் காரணம் இதுதான்.

வாடை வந்தால் அகலமான, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி அரைமணி நேரமாவது காத்திருப்பது நல்லது. சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவது தவறு. சீரற்ற முறையில் குளிர்ந்து டிஸ்க் வளையவும் விரியவும் வாய்ப்புண்டு. நிறுத்திய பின் சக்கரத்தில் இருந்து ‘டிக்... டிக்...’ என்று கேட்கும் மெல்லிய ஒலியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சூடான உலோகம் சுருங்கும் ஒலி அது.

பொன்முடியில் மூடுபனியும் சாரலும் பெரும்பாலான மாதங்களில் உண்டு. இரவு தங்கிவிட்டுக் காலையில் காரை எடுக்கும்போது முதல் சில மீட்டர் தூரம் ‘சரசர’ என்று உரசும் ஒலி கேட்பது இயல்பே. ஈரத்தால் டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு, நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் துடைக்கப்பட்டுவிடும். அதன் பிறகும் ஒலி நீடித்தால்தான் ஆராய வேண்டும்.

வேகத்துடன் ஏறும் உறுமல்

சக்கரத்தின் மையத்தில் உள்ள ஹப் பேரிங் தேயும்போது வரும் சத்தம் தந்திரமானது. அது திடீரென்று வருவதில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுவதால் தினமும் ஓட்டுபவரின் காது அதற்குப் பழகிவிடுகிறது. வெகுநாள் கழித்து ஏறும் உறவினர்தான் ‘என்ன, விமானம் மாதிரி உறுமுகிறதே’ என்று கேட்பார்.

வேகம் கூடக்கூட ரீங்காரம் உறுமலாகும். பிரேக் பிடித்தாலும் விட்டாலும் பெரிதாக மாறாது. என்ஜின் வேகத்துடனும் அதற்குத் தொடர்பில்லை; அதே வேகத்தில் கியரை மாற்றிப் பார்த்தால் இது புரியும். அகலமான சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் காரை மிதமாக இடதுபுறம் வளைத்தால் எடை வலதுபக்கச் சக்கரத்துக்குச் செல்கிறது. அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங் மீதும், வலதுபுறம் வளைக்கும்போது கூடினால் இடது பேரிங் மீதும் சந்தேகம் கொள்ளலாம். போக்குவரத்து இல்லாத சமவெளிச் சாலையில் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது. பொன்முடிப் பாதையில் அதற்கு வேகமும் இடமும் கிடையாது.

சீரற்றுத் தேய்ந்த டயரும் இதே போல உறுமும் என்பதால் மெக்கானிக்குகளே ஏமாறுவதுண்டு. வித்தியாசம் சாலையில் இருக்கிறது. தார்ச் சாலையில் இருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும்போது டயரின் ஒலி மாறும்; பேரிங்கின் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தால் மேடுபள்ளம் தட்டுப்படும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றினால் சத்தமும் பின்னுக்குப் போகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. பேரிங்கை மாற்றிவிட்டு, சத்தம் போகாமல், பிறகு டயரையும் மாற்றுவோரின் எண்ணிக்கை குறைவானதல்ல.

ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கியதும் சக்கரத்தைக் கையால் சுழற்றி, மறுகையைச் சஸ்பென்ஷன் சுருளில் வைத்தால் தேய்ந்த பேரிங்கின் கரடுமுரடு விரல்களில் தெரியும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இருபக்கமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங் டை ராட் முனை. வீட்டில் இதைச் செய்ய விரும்புவோர் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ நுழைக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகே சக்கரத்தைத் தொட வேண்டும்.

பழைய கார்களில் பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் வைத்து மீண்டும் இறுக்குவது வழக்கம். இன்றைய ஹப் பேரிங் மூடி முத்திரையிடப்பட்ட ஒன்று. பழுதானால் மாற்றுவது தவிர வழியில்லை. அதன் சீல் மழையைத் தாங்கும், ஆனால் வெள்ளத்தில் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடப்பதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல. 2015-ல் சென்னையிலும் 2018-ல் கேரளத்திலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை பகுதிகளிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. இத்தகைய கார்களில் பேரிங் சத்தம் உடனே வராமல் சில மாதங்கள் கழித்தும் வரலாம். பழைய கார் வாங்குவோர் முன்சக்கர உறுமலைக் கேட்டால், கார் வெள்ளத்தில் நின்றதா என்று விசாரிப்பது பொருத்தமானது.

பல கார்களில் ஏ.பி.எஸ். அமைப்புக்குச் சக்கரத்தின் வேகத்தைத் தெரிவிக்கும் காந்த வளையம் பேரிங்குடனேயே இணைந்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆகவே உறுமலுடன் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்தால் இரண்டையும் தனித்தனிப் பழுதாகக் கருதாமல் முதலில் பேரிங்கைச் சோதிக்கச் சொல்லலாம்.

பள்ளத்தில் ‘டக்’, நட்டில் ஆபத்து

மேடுபள்ளத்தில் மட்டும் ‘டக் டக்’ அல்லது ‘லொடலொட’ என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் இருக்கும். லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் ஆகியவை அடிக்கடி மாட்டுபவை. நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சுருள் இழுபட்டு விடுபடுவது போல ‘டொய்ங்’ என்று கேட்டால் மேல் மவுண்ட் மீது சந்தேகம் கொள்ளலாம். இவற்றில் பெரும்பாலானவை மெதுவாக வீடு வந்து சேர அனுமதிப்பவை. விதிவிலக்கு பால் ஜாயின்ட். அது முற்றிலும் தேய்ந்து கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் சரிந்து, கார் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாமல் போகும்.

எல்லாவற்றிலும் உடனடி ஆபத்து, எளிதில் சரிசெய்யக் கூடியதில்தான் இருக்கிறது. பஞ்சர் ஒட்டிய பிறகோ ஸ்டெப்னி மாற்றிய பிறகோ சக்கரத்தில் ‘டப் டப்’ என்று சீரான இடைவெளியில் ஒலியும் ஸ்டீயரிங்கில் தள்ளாட்டமும் வந்தால், வீல் நட்டு தளர்ந்திருக்கக் கூடும். காரை உடனே நிறுத்தி, நட்டுகளை எதிரெதிர் வரிசையில் இறுக்க வேண்டும். துளை அகன்றிருந்தாலோ போல்ட்டின் மரை கெட்டிருந்தாலோ அந்தச் சக்கரத்துடன் ஓட்டக் கூடாது. சக்கரம் கழற்றி மாட்டப்பட்ட பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்ப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. மலைப் பயணத்துக்கு முந்தைய நாள் வீல் அலைன்மென்ட் செய்துகொண்டு புறப்படுவோருக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

ஒலியின் வேகமும் ஒரு தடயம். சிறிய காரின் டயர் ஒருமுறை சுற்றினால் கார் சுமார் 1.9 மீட்டர் நகர்கிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சுற்றும். அந்த வேகத்தில் விநாடிக்கு மூன்று முறை ஒலி வந்தால், சுற்றும் பாகம் எதுவோ ஒரே இடத்தில் மட்டும் உரசுகிறது அல்லது அடிக்கிறது: டயரில் குத்திய கல் அல்லது ஆணி, வளைந்த டிஸ்க், தளர்ந்த நட்டு. இடைவிடாத உரசல் என்றால் டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள மெல்லிய தகட்டுக்கும் இடையே சிக்கிய சரளைக்கல்லாக இருக்கலாம். மழைக்காலத்தில் மண்ணும் கல்லும் சரிந்து கிடக்கும் மலைச்சாலையில் இது சகஜம். சமதளமான இடத்தில் காரைச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் பல நேரங்களில் கல் தானாகவே விழுந்துவிடும். மட்கார்டின் உட்புற பிளாஸ்டிக் உறை கிளிப் கழன்று டயரைத் தொடுவதும் உண்டு. பயமுறுத்தும் சத்தம், ஐந்து நிமிட வேலை.

உச்சியில் நின்றபடி முடிவெடுக்க

பொன்முடி உச்சியில் பழுதுபார்க்கும் வசதிகளை எதிர்பார்க்க முடியாது. கீழே விதுராவுக்கோ நெடுமங்காட்டுக்கோ வர வேண்டும். இரும்பு இரும்பை அறுக்கும் கரகரப்பு, பஞ்சு போன்ற பிரேக் மிதி, சக்கரத்தில் தள்ளாட்டம், கையால் ஆட்டினாலே ஆடும் சக்கரம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் காரை அங்கேயே விட்டுவிட்டு மீட்பு வாகனத்தை அழைப்பதே சரி. முன்சக்கர இயக்கக் கார் என்றால் முன்பக்கத்தைத் தூக்கியோ, தட்டையான லாரியில் ஏற்றியோதான் கொண்டுசெல்ல வேண்டும். பயணிகள் அரசுப் பேருந்தில் இறங்கலாம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் இங்கு பேருந்துகளை இயக்குகிறது.

வளைவில் லேசான ‘கிளிக்’, பேரிங்கின் தொடக்கநிலை ரீங்காரம், பள்ளத்தில் ‘டக்’, பேடின் மெல்லிய கீச்சொலி ஆகியவற்றுடன் மெதுவாக இறங்க முடியும். முதல் அல்லது இரண்டாவது கியர். பிரேக்கை இடைவிடாமல் தேய்க்காமல், சற்று அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதுமாக விடுவது. தானியங்கி கியர் கொண்ட கார்களில் ‘எல்’ நிலை அல்லது மேனுவல் முறை இதற்காகவே உள்ளது. ஊட்டி-மசினகுடி கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலும், வால்பாறையின் 40 வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் இதே முறைதான்.

ஒர்க்‌ஷாப்பில் ‘முன்னாடி சத்தம் வருது’ என்று மட்டும் சொல்வது பாதிப் பழுதை மறைப்பதற்குச் சமம். எந்த வேகத்தில், எந்தப் பக்கம் திருப்பும்போது, பிரேக் பிடித்தால் கூடுகிறதா குறைகிறதா, கார் சூடான பிறகா குளிர்ந்திருக்கும்போதா என்ற விவரங்களே காரணத்தைக் காட்டுகின்றன. உடன் பயணிப்பவர் கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்துகொள்ளலாம். மெக்கானிக்கை அருகில் அமர வைத்து அதே சத்தத்தை வரவழைத்துக் காட்டிய பிறகே பாகங்களைக் கழற்ற அனுமதிப்பது செலவைக் குறைக்கும். பிரேக் பேடை ஒருபக்கம் மட்டும் மாற்றுவதை ஏற்கக் கூடாது. இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையேல் பிரேக் பிடிக்கையில் கார் ஒருபக்கம் இழுக்கும்.

சில நேரங்களில் பழுது ஓட்டுநருடையதோ சாலையுடையதோ அல்ல. 2022 அக்டோபரில் மாருதி சுசுகி நிறுவனம் வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் ரகங்களைச் சேர்ந்த 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 முதல் செப்டம்பர் 1 வரை தயாரானவை அவை. பின்சக்கர பிரேக் அமைப்பில் உள்ள ஒரு பின் உடைந்து விநோதமான ஒலி எழலாம் என்றும், நாளடைவில் பிரேக்கின் செயல்திறன் பாதிக்கப்படலாம் என்றும் நிறுவனமே அறிவித்தது. புதிய காரிலும் சத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இது சான்று. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன.

அதே சட்டத்தின் 190-வது பிரிவு உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் அறிய வேண்டிய ஒன்று. ஆபத்தை விளைவிக்கக் கூடிய குறைபாடு இருப்பதை அறிந்தோ, சாதாரண கவனத்தால் அறிந்திருக்கக் கூடிய நிலையிலோ வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறைபாட்டால் விபத்து நேர்ந்து யாருக்கேனும் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மின்சாரக் கார்களில் இந்தக் கதை சற்று மாறுகிறது. என்ஜின் இரைச்சல் இல்லாததால் பேரிங்கின் ரீங்காரமும் சஸ்பென்ஷனின் ‘டக்’ ஒலியும் முன்னதாகவே காதில் விழுகின்றன. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைப்பதால் பேடுகள் நீண்ட நாள் உழைக்கின்றன. பயன்பாடு குறைவதால் டிஸ்க்கில் துரு படிந்து உரசல் ஒலி வருவதும் உண்டு. ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமிக்க இடமிருக்காது. அப்போது மோட்டாரின் பிரேக் வலுவிழக்கும், முழுச் சுமையும் சாதாரண பிரேக்குக்கே வரும். மலை உச்சியில் தங்கி சார்ஜ் செய்பவர்கள் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பாமல் புறப்படுவது இதனால்தான் பரிந்துரைக்கப்படுகிறது.